கேள்விக்குறி மட்டும் போடும் எடிட்டர்

இந்தியப் பெண்கள் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில் ஆடிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு கரும்புக்கொல்லை நடுவே இருந்தேன். மோட்டார் கொட்டகைத் தண்ணீர்த்தொட்டியின் விளிம்பில் பட்டுப்புடவையோடு ஏறி நின்று, போனில் கத்திக்கொண்டிருந்தேன்.

“கமா, அக்கா! மொதல்ல கமா போடுங்க. அப்பறம் பி. இடைவெளி உடாதீங்க!”

கீழே என் நாத்தனாரின் குழந்தைக்குக் காதுகுத்து. என் கணவர்தான் தாய்மாமன். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள அவர் பந்தலில் மணையில் உட்கார்ந்திருந்தார். சீர்த்தட்டோடு பக்கத்தில் நிற்கவேண்டிய நான் தொட்டிமேல் நின்றேன். அந்தக் கொல்லையில் போனுக்குச் சிக்னல் கிடைத்த இடம் அது ஒன்றுதான். அதுவும் பேச மட்டும். படம் வராது, வீடியோ வராது.

மறுமுனையில் இருந்தவர் வில்லியனூர் பக்கம் கேபிளும் இன்டர்நெட்டும் நடத்தும் அக்கா. உறவு எதுவும் இல்லை. கொரோனா காலத்தில் நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது ஒருநாள் நெட் வரவில்லை என்று அவர் ஆபீசுக்குச் சண்டை போடப் போனேன். “கம்ப்யூட்டர் வேலைதான பாக்கற? நீயே வந்து இன்னான்னு பாரேன்” என்று என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய் மேசைக்கு அடியிலிருந்த ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம்.

அந்தப் பெட்டியில் ஓடியது யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஒரு பழைய வகை. அதை அமைத்துக் கொடுத்தவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குப் போகும் இன்டர்நெட் முழுக்க அதன் வழியாகத்தான் போகும். அது படுத்தால் ஊரே படுக்கும். ஆனால் அது படுத்ததே இல்லை; அன்றைக்குக்கூட அறுந்திருந்தது என் வீட்டு ஒயர்தான். மூலக்குளத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் எத்தனையோ புது மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒன்று மண்டையைப் போடும். இந்தக் கறுப்புப் பெட்டி மட்டும் தூசியும் எறும்புமாக, அசையாமல் வேலை பார்த்தது. எனக்கு அதன்மேல் ஒரு மரியாதையே உண்டு.

இறுதி ஆட்டத்தைத் தெருவில் எல்லோரும் சேர்ந்து பார்க்கவேண்டும் என்பது அக்காவின் ஆசை. அவர் தெருப் பெண்பிள்ளைகள் ஏரிக்கரைத் திடலில் மட்டை பிடித்து ஆடுகிறவர்கள். “ஆம்பளைங்க மேட்ச்சுன்னா ஸ்கிரீன் கட்டறீங்க, பட்டாசு வெடிக்கறீங்க. இதுக்கு ஏன் கட்டக் கூடாது?” என்று கேட்டுவிட்டு, அதே திடலில் பெரிய எல்.இ.டி. ஸ்கிரீன் வைக்க ஏற்பாடு செய்தார். உள்ளூர் சேனலில் ஒரு வாரமாக அறிவிப்பு ஓடியது. “பொம்பளைங்க மேட்ச்சுக்கு எவன் வரப்போறான்” என்று டீக்கடையில் பேசினதும் அவர் காதுக்கு வந்திருந்தது. அதனால் அன்றைக்கு ஒரு நிமிஷம்கூட நெட் போய்விடக் கூடாது என்று குறியாக இருந்தார்.

அந்தக் குறிதான் வினையானது. பெரிய நாளுக்கு முன்னால் பெட்டியைத் துடைத்து வைப்போம் என்று அவர் கணவர் சனிக்கிழமை அதைத் திறந்திருக்கிறார். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க் வட்டுகள். இரண்டாவது வட்டின் கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகும்போது போர்டில் இருந்த செருகுமிடத்தின் பிளாஸ்டிக் உடைந்துவிட்டது. பக்கத்தில் இன்னொன்று காலியாக இருக்கிறதே என்று அதில் செருகி, மூடி, திருகாணியெல்லாம் போட்டுவிட்டு, காலையில் சுவிட்சைப் போட்டார். பெட்டி எழவில்லை. அவர் ஸ்கிரீனை ஏற்றிவர மினி லாரியில் கிளம்பிப் போய்விட்டார். ஆபீசில் அக்கா மட்டும்தான். ஸ்கிரீன் வந்ததா என்று கேட்க நான் தொட்டிமேல் ஏறி அவரைக் கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

“இன்னாடி இது, கறுப்பா நிக்குது. இங்கிலீஷ்ல நெறைய எழுத்து போட்டிருக்குது.”

“கடைசி வரிய மட்டும் படிங்கக்கா.”

அவர் எழுத்துக்கூட்டினார். “ஆட்டோமேட்டிக்... பைல் சிஸ்டம்... செக்... பெயில்டு. அப்பறம், எச், ஈ, எல், பி. ஆச்சரியக்குறி. அடியே, ஹெல்ப்புன்னு கேக்குதுடி!”

எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பும் சிலிர்த்தது. அந்த வகை யூனிக்ஸ் உண்மையாகவே அப்படித்தான் கேட்கும். என்னால் முடியவில்லை, உதவி செய் என்று. புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஒரு மெஷின் நிஜமாகக் கேட்டு அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே புரிந்தது. யூனிக்ஸில் எந்த வட்டை எங்கே பொருத்துவது என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். அந்தப் பழைய பெட்டி, வட்டு எந்தத் துளையில் செருகியிருக்கிறதோ அதை வைத்துத்தான் அதற்குப் பெயர் கொடுக்கும். துளை மாறினதால் இரண்டாவது வட்டின் பெயர் மாறிவிட்டது. கோப்பில் பழைய பெயரே இருந்தது. பழைய பெயரில் ஆள் இல்லை என்றதும் பெட்டி பயந்து நின்றுவிட்டது. ஒரே ஒரு எண்ணைத் திருத்தினால் போதும். கோப்பு முதல் வட்டில் பத்திரமாக இருந்தது.

திருத்த ஒரு எடிட்டர், அதாவது கோப்பைத் திறந்து எழுத்தை மாற்றும் மென்பொருள், வேண்டும். எல்லோரும் வழக்கமாகத் திறக்கும் வி.ஐ.யை அடிக்கச் சொன்னேன்.

“நாட் பவுண்டுன்னு சொல்லுது.”

இருக்காதுதான். வி.ஐ. இருந்தது இரண்டாவது வட்டில். அந்த வட்டைக் கொண்டுவரக் கோப்பைத் திருத்தவேண்டும். கோப்பைத் திருத்த அந்த வட்டு வேண்டும்.

அப்போதுதான் ஈ.டி. நினைவுக்கு வந்தது. யூனிக்ஸ் பிறந்த காலத்து எடிட்டர் அது. திரை முழுக்க எழுத்தைக் காட்டாது. நாம் ஒரு வரி சொன்னால் அது ஒரு வரி பதில் சொல்லும். பல சமயம் அதுவும் சொல்லாது. தப்பாக அடித்தால் ஒரு கேள்விக்குறி மட்டும் போடும். என்ன தப்பு என்று சொல்லாது. ஆபீசில் மத்தியானம் சாப்பிட்ட பிறகு நாங்கள் சிலபேர் பந்தயம் கட்டி அதை வைத்து விளையாடியிருக்கிறோம், யார் முதலில் ஒரு பத்தியைத் திருத்துகிறார்கள் என்று. விளையாட்டுக்கு மேல் அதற்கு ஒரு உபயோகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் அது முதல் வட்டில் இருக்கும். எல்லாம் போனாலும் கையில் இருக்கட்டும் என்று அந்தக் காலத்திலேயே யாரோ யோசித்து அங்கே வைத்துவிட்டார்கள்.

அடுத்ததாக ஒன்று தோன்றியபோது நான் தொட்டிமேலேயே ஒரு குதி குதித்தேன். வி.ஐ. இருந்திருந்தாலும் இங்கிருந்து என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. கர்சர் எங்கே நிற்கிறது, எந்த வரியில், எந்த எழுத்தின்மேல் என்று பார்க்கமுடியாத ஒருத்தி அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பாள்? ஈ.டி.யில் கர்சரே கிடையாது. சொல், பதிலைக் கேள், மறுபடி சொல். போனில் பேசுகிற மாதிரியே வேலை செய்கிற எடிட்டர்!

“அக்கா, இதை இங்கருந்தே சரி பண்ணிடலாம்! நான் சொல்றத மட்டும் அடிங்க!”

“சொல்லு, சொல்லு. வெளிய ஏழெட்டு பேரு வந்து நிக்கறானுங்க. வூட்ல நெட் வர்லயாம்.”

முதலில் வட்டின் புதுப் பெயர் என்ன என்று பார்க்கவேண்டும். இருக்கும் வட்டுகளைக் காட்டச் சொல்லும் கட்டளையைச் சொன்னேன். “ஸ்லாஷ்” என்றதும் அக்கா தடுமாறினார். “கேள்விக்குறி இருக்கற பட்டன்லயே சாஞ்ச கோடு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதான். ஷிப்ட் அழுத்தாதீங்க.” கண்டுபிடித்தார். வரிசையாகப் படித்தார். முதல் வட்டு, ஏ டி நாலு, இருந்தது. இரண்டாவது வட்டின் பழைய பெயரான ஏ டி ஆறு இல்லை. புதிதாக ஏ டி எட்டு இருந்தது.

ஆறு எட்டாகியிருக்கிறது. அவ்வளவுதான்.

அடுத்தது, முதல் வட்டில் எழுத அனுமதி வாங்குவது. ஆபத்தில் இருக்கும்போது யூனிக்ஸ் அதைப் படிக்க மட்டும்தான் விடும். “மவுண்ட், இடைவெளி, நடுக்கோடு, யூ டபிள்யூ, இடைவெளி, ஸ்லாஷ். எண்டர்.”

“ஒண்ணுமே சொல்லலடி.”

“ஒண்ணும் சொல்லலன்னா நல்லதுக்கா!”

இந்த நேரத்தில் கீழே என் மாமியார் வந்து நின்றார். இடுப்பில் கை. “காது குத்தற நேரத்துல தொட்டி மேல ஏறி இன்னாம்மா பண்ற? பத்தரு வந்து ஒக்காந்துட்டாரு. அவன் உன்ன தேடறான்.”

“அத்த, ஒரே நிமிஷம். வில்லியனூர்ல மேட்ச்சுக்கு ஸ்கிரீன் கட்டறாங்க இல்ல, அந்த நெட்டு போயிடுச்சி. நான் போன்லயே சரி பண்றன்.”

மாமியார் முகத்தில் இருந்த கோபம் அப்படியே நின்றது. “எது, பொண்ணுங்க ஆடற மேட்ச்சா? இன்னிக்குத்தான?”

“இன்னிக்குத்தான் அத்த.”

அவர் பந்தல் பக்கம் திரும்பி, “இன்னும் கொஞ்சம் நேரம் ஆவும், பத்தருக்கு காபி குடுங்க!” என்று கத்தினார். எனக்கு ஆச்சரியம். அரையிறுதி ஆட்டத்தை அவர் தனியாக உட்கார்ந்து கடைசிப் பந்து வரைக்கும் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஈ.டி.யைத் திறந்து கோப்பின் பெயரைக் கொடுக்கச் சொன்னேன். ஒரு எண்ணைக் காட்டியது. கோப்பு எவ்வளவு பெரியது என்று சொல்கிறது, அதாவது திறந்துவிட்டது. ‘கமா, பி’ என்றால் எல்லா வரியையும் காட்டும். நான் தொட்டிமேலிருந்து கத்தினது இதைத்தான்.

“கேள்விக்குறி போடுதுடி! நான் ஷிப்ட் அழுத்தவே இல்லியே!”

“அது நீங்க அடிச்சது இல்லக்கா, அதுவே போடறது. நாம சொன்னது புரியலன்னு அர்த்தம். இன்னா அடிச்சீங்க?”

“கமா, பீ. நீ சொன்ன மாதிரியே. பீ, டபுள் ஈ.”

“ஒரே எழுத்துக்கா! பி மட்டும்!”

“அத ஒழுங்கா சொல்லேன்டி.”

இப்போது வரிகள் வந்தன. அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது வரியிலும் நாலாவது வரியிலும் ஏ டி ஆறு. நான் நினைத்தபடியே இருந்தது. அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் பந்தலில் குழந்தை வீறிட்டது. காபி குடித்து முடித்த பத்தர் ஊசியை எடுத்துக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். அந்தச் சத்தத்தில் நான், “ஏ... யப்பா!” என்றேன்.

அக்கா ‘ஏ’ அடித்து எண்டர் தட்டிவிட்டார்.

ஈ.டி.யில் ‘ஏ’ என்றால், இனிமேல் அடிப்பதையெல்லாம் கோப்பில் சேர்த்துக்கொள் என்று அர்த்தம். அவர் அதை அடித்தது எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குக் கட்டளைகளைச் சொன்னேன். அவர் அடித்தார். பதிலே இல்லை. எழுத்தைச் சரிபார்த்தோம், மறுபடி அடித்தோம். ஒன்றுமில்லை. கேள்விக்குறிகூட இல்லை.

“செத்துப் போச்சாடி?”

“அக்கா, வரியெல்லாம் படிச்சீங்களே, அதுக்கு அப்பறம் மொதல்ல இன்னா அடிச்சீங்க?”

“நீதான ஏன்னு சொன்ன. ஏ அடிச்சன்.”

நான் சொன்னேனா? யோசித்தேன். சொல்லியிருக்கிறேன்! தொட்டிமேல் நின்று தனியாகச் சிரித்தேன். கொல்லையில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. நாங்கள் அடித்த கட்டளைகளெல்லாம் இப்போது அந்தக் கோப்புக்குள் எழுத்துகளாக உட்கார்ந்திருக்கின்றன. அப்படியே சேமித்தால் பெட்டி இன்னும் மோசமாகும். ஆனால் சேமிக்கவில்லையே! வட்டில் இருப்பது பழைய கோப்புதான்.

“ஒண்ணும் கெடலக்கா. தனியா ஒரு வரியில புள்ளி மட்டும் வச்சி எண்டர் தட்டுங்க. வெறும் புள்ளி.”

“வச்சாச்சி.”

“இப்ப கியூ.”

“கேள்விக்குறி போடுது!”

“சேமிக்காம போறியேன்னு கேக்குது. மறுபடியும் கியூ அடிங்க.”

“வேலி மாதிரி ஒரு குறி வந்துருச்சி.”

ஈ.டி.யை விட்டு வெளியே வந்துவிட்டோம். திரும்பவும் முதலிலிருந்து. இந்தமுறை நான் கீழே பந்தலைப் பார்க்கவே இல்லை. அக்காவுக்கும் இப்போது பிடிபட்டுவிட்டது. நான் சொல்லி முடிப்பதற்குள் அடித்து, பதிலையும் படித்துவிட்டார். எண் வந்தது. கமா, பி. வரிகள் வந்தன. சேர்ந்த குப்பை எதுவும் இல்லை, சுத்தமான கோப்பு.

“இப்ப கவனமாக்கா. கமா. எஸ். ஸ்லாஷ். ஏ டி ஆறு. ஸ்லாஷ். ஏ டி எட்டு. ஸ்லாஷ். எல்லாம் சேத்து அடிங்க. எல்லா வரியிலயும் ஆறு இருந்தா எட்டா மாத்துன்னு சொல்றோம்.”

கீபோர்டின் டக் டக் சத்தம் போனில் கேட்டது. இரண்டே விரலால் அடிக்கும் சத்தம்.

“ஒண்ணும் சொல்லல!”

“கமா, பி!”

“மூணாவது வரி, ஏ டி... எட்டு! நாலாவது, எட்டு! மாறிட்ச்சிடி, மாறிட்ச்சி!”

“டபிள்யூ! சேமின்னு சொல்றோம்!”

“நம்பர் வந்துச்சி.”

“கியூ! அப்பறம், எக்சிட்னு அடிச்சி எண்டர்!”

இனி என் கையில் ஒன்றும் இல்லை. பெட்டி தானாக எழவேண்டும். அக்கா ஓடும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே, “ஓடுது, ஓடுது, நின்னுடுச்சி” என்றார். வட்டைச் சோதிக்கிறது, நேரமாகும் என்று அவருக்குச் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். வெளியே நின்றவர்களின் பேச்சுச் சத்தம் போனில் கேட்டது. ஆளாளுக்கு ஏதோ யோசனை சொன்னார்கள். ஒருத்தர் பெட்டியைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். “கைய வச்ச, பாத்துக்க!” என்று அக்கா சீறினார்.

பிறகு ஒரு கூச்சல்.

“வந்துருச்சிடி! லைட்டெல்லாம் மினுக்குது! பச்சையா மினுக்குது! இவனுங்க போன்லயும் வருதாம்!”

நான் தொட்டியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. புடவையின் கரை முழுக்கப் பாசி. மாமியார் சீர்த்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். “வந்துச்சா?” என்றார். “வந்துச்சி அத்த!” என்றேன். தட்டை என் கையில் கொடுத்து, முதுகில் கைவைத்துப் பந்தலுக்குள் தள்ளினார். முதல் காது முடிந்திருந்தது. இரண்டாவது காது குத்தும்போது நான் தாய்மாமன் பக்கத்தில் நின்றேன். குழந்தை அழுதது, எல்லோரும் சிரித்தார்கள், நானும் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றேன். “காது குத்தினா இவ்ளோ சந்தோஷமா உனக்கு?” என்று என் கணவர் காதோரம் கேட்டார்.

பந்தி முடிந்த கையோடு நாத்தனார் வீட்டு வேனில் வில்லியனூருக்குக் கிளம்பினோம். என் மாமியார்தான் முதலில் ஏறி உட்கார்ந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது திடலில் கால்வைக்க இடமில்லை. பள்ளிக்கூடச் சீருடைப் பாவாடைமேல் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பெண்பிள்ளைகள் முன்வரிசையில். பின்னால் தாய்மார்கள், பாயோடும் பிளாஸ்டிக் நாற்காலியோடும். டீக்கடைக்காரர்கள் கேனோடு அங்கேயே வந்துவிட்டார்கள், கடையில் ஆளில்லையாம். அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு, யார் யாருக்கு வழிவிடவேண்டும் என்று அதட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மைக்கை வாயிலிருந்து எடுக்காமலேயே, “இந்தா வந்துட்டா பாரு!” என்றார். திடல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கைதட்டினார்கள்.

நம்மவர்கள் மட்டை பிடித்து முடித்த இடைவேளையில் அக்கா என்னை ஆபீசுக்குள் கூட்டிப்போனார். கறுப்புப் பெட்டி மேசைக்கு அடியில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. “நான் அடிச்சது உள்ள இருக்குதா, காட்டு” என்றார். வி.ஐ. இப்போது வேலை செய்தது. ஆனாலும் நான் ஈ.டி.யிலேயே கோப்பைத் திறந்தேன். கமா, பி. மூன்றாவது வரி, நாலாவது வரி, ஏ டி எட்டு. அக்கா திரையில் அந்த எட்டின்மேல் விரலை வைத்தார். “இதுக்குத்தான் அம்மாம் பாடா” என்றார். ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த வாரமே வந்து இன்னொரு எடிட்டரையும் முதல் வட்டில் போட்டுவைக்கிறேன் என்றேன். “அது இன்னாத்துக்கு? இதான் எனக்கு வருதே” என்றார்.

இதற்குள் இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியிருந்தது. வெளியே திடல் ஒரேயடியாக அலறியது. விக்கெட்! நாங்கள் இரண்டு பேரும் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினோம்.